இழுவை மிட்டாயின் மறுமுனை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மழைதான் விட்டபாடில்லை. உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி குளுவாங் டவுனுக்குப் போய்த் திரும்பும்போது தபாலோடு வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு எழுத்து மண்டையில் ஏறும் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டு உடைத்துவிட்டாய். உன் அம்மா முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆற்றோர லயத்தில் குடியிருக்கும் மாரியாயியின் மகள் பூங்காவனத்தைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாய் என்ற இடத்துக்கு வந்தபோதுதான் எதைப் படிக்கிறேன் என்பது எனக்கே புரிந்தது. நிறுத்தியிருக்கலாம். ஓடுகிற வாய் நிற்கவில்லை. அம்மா சம்மதித்தால் தீபாவளிக்கு வருகிறேன், சம்மதிக்காவிட்டால் இனிமேல் இந்த ரப்பர் தோட்டத்துப் பக்கமே வரமாட்டேன், அவளை வரவழைத்து ஜோகூர் பாருவிலேயே நாலு சிநேகிதர்களை வைத்துத் தாலி கட்டிவிடுகிறேன் என்று நீ எழுதியிருந்ததையும் படித்து முடித்தேன். அவள் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி கல் பொறுக்கியது. அத்தனை அரிசியையும் பார்த்து முடித்துவிட்டு எழுந்து, கோழிக்குத் தவிடு வைக்கப் போய்விட்டாள்.

அன்றையிலிருந்து இந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசுகிறாள், கிராணி மனைவியின் புது வளையலைப் பற்றிப் பேசுகிறாள், என் இருமலைத் திட்டுகிறாள். உன் பெயர் மட்டும் வருவதில்லை. என் சம்மதத்தை நீ கேட்கவே இல்லை என்பதையும் கவனித்தேன். கேட்காமலே கிடைத்துவிடும் என்ற தைரியம், திருட்டுப் பயலே. கிடைத்துவிட்டது, வைத்துக்கொள். பூங்காவனத்தை எனக்கு அவள் தவழ்ந்த நாளிலிருந்து தெரியும். கொட்டுகிற மழையில் வாளியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நனைந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வருகிற பெண். உன்னைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவனுக்கு அப்படி ஒருத்தி வாய்ப்பது உன் அதிர்ஷ்டம். ஆனால் நீ காத்திருப்பது என் பதிலுக்கு இல்லை. நீ யாருடைய பதிலுக்குக் காத்திருக்கிறாய் என்பது உனக்கே சரியாகத் தெரியாது என்று எனக்கு ஒரு எண்ணம். உன் அம்மாவை உனக்கு அம்மாவாக மட்டும்தான் தெரியும். நான் பார்த்ததை நீ பார்த்திருந்தாலும் அப்போது உனக்கு நினைவு வைக்கிற வயது இல்லை. அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

முதலில் ஒன்று. அவளிடம் கேள் கேள் என்று என்னைத் தூண்டாதே. பாகு கொதிக்கும்போது கரண்டியைப் போட்டுக் கிளறினால் என்ன ஆகும்? பூத்துவிடும். கண்ணாடி மாதிரி வரவேண்டியது மறுபடி சீனியாகி மணல் மணலாக உட்கார்ந்துவிடும். இது உன் அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். கல்யாணமாகி இங்கே வந்த முதல் தீபாவளிக்கு அவள் அடுப்பில் பாகு வைத்துவிட்டு, "சும்மா பார்த்துக்கிட்டு இருங்க, தொடாதீங்க" என்று சொல்லித் தண்ணீர் எடுக்கப் போனாள். சும்மா பார்த்துக்கொண்டிருக்க எனக்கு எந்தக் காலத்திலும் தெரியாது. நன்றாகக் கிளறி வைத்தேன். அந்த வருஷம் எல்லோரும் மிட்டாய் சாப்பிடாமல் ஒரு வகை இனிப்பு மணலைச் சாப்பிட்டோம். ஆகவே இந்தத் தடவை நான் கிளறப் போவதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீயும் அங்கே அப்படியே உட்கார்.

நீ அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிறவன், கையில் மை ஒட்டும் தொழில் உன்னுடையது. என்னுடையது புகை ஒட்டும் தொழில். வெளுத்துத் தொங்கும் ரப்பர் ஷீட்டைப் புகை வீட்டுக்குள் மாட்டி, கீழே விறகைப் போட்டு, அது நல்ல பழுப்பாகும் வரை பார்த்துக்கொள்வது. வெள்ளையைப் பழுப்பாக்கித்தான் உன்னை வளர்த்தேன். எதைத் தொட்டாலும் அதில் புகை வாடை வந்துவிடும். அம்மாவிடம் இரண்டாம் வருஷம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அதனால்தான். அந்தத் தீபாவளிக்கு மிட்டாய் பதமாகத்தான் வந்தது. ஆனால் இந்த ஊர் ஐப்பசி மழையில் எதுதான் காய்ந்தபடி இருக்கிறது? துண்டு போட்ட கொஞ்ச நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கசிய ஆரம்பித்துவிட்டது. தோட்டத்திலேயே ஈரமில்லாத இடம் எது என்று யோசித்தேன். எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே. அவளிடம் சொல்லாமல் தட்டுத் தட்டாக எடுத்துப் போய்ப் புகை வீட்டில் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே அடுக்கிவிட்டேன். மறுநாள் காலையில் மிட்டாய் நன்றாகக் காய்ந்திருந்தது, என் ஷீட் மாதிரியே பழுப்பாகவும் இருந்தது. லயத்துப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வாண்டு, "இது மிட்டாயா, கித்தா ஷீட்டா?" என்று கேட்டுவிட்டுத் துப்பியது. அன்றைக்கு அவள் ஒரு சட்டம் போட்டாள். மிட்டாய் வேலை நடக்கும்போது நான் விறகு தள்ளலாம், வேடிக்கை பார்க்கலாம், சீனி மேல் மட்டும் கை படக் கூடாது. இன்று வரை அந்தச் சட்டம் அப்படியே இருக்கிறது.

வேடிக்கை பார்க்கத்தான் சொன்னாளே, பார்த்தேன். மகனே, உன் வீட்டில் வருஷா வருஷம் நடந்ததால் உனக்கு அது ஒன்றுமில்லாத விஷயமாகிவிட்டது. முதல் தடவை பார்த்த எனக்குத் தலை சுற்றியது. சீனியும் தண்ணீரும் இரண்டு மூடி எலுமிச்சம்பழச் சாறும், அவ்வளவுதான். பாகு தேன் நிறத்துக்கு வந்ததும் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, எடுத்துத் தட்டில் போட்டு, டங்கென்று கேட்கிறதா என்று காது கொடுப்பாள். கேட்டதும் எண்ணெய் தடவிய கல்லில் ஊற்றுவாள். ஓரம் இறுகத் தொடங்கும்போது சுக்கும் ஏலக்காயும் தூவி மடிப்பாள், மடித்து மடித்து ஒரு பெரிய உருண்டையாக்குவாள். தொட்டால் கை வெந்துவிடும் சூடு. அந்தச் சூட்டிலேயே தூக்கி ஆணியில் மாட்டி இழுப்பாள். இழுத்ததை மறுபடி ஆணியில் போட்டு மறுபடி இழுப்பாள். அப்போதுதான் அது நடக்கும். தேன் நிறம் மஞ்சளாகும், மஞ்சள் சந்தனமாகும், சந்தனம் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பளபளவென்று வெள்ளி மாதிரி வெளுக்கும். அவள் எதையும் சேர்க்கவில்லை. மாவு போடவில்லை, பால் விடவில்லை. வெறும் கை இழுத்த இழுப்பில் பழுப்பு வெள்ளையாகிவிட்டது. நான் வெள்ளையைப் பழுப்பாக்க ஒரு வீடு நிறையப் புகை வேண்டும், நாள் கணக்கில் விறகு வேண்டும். எனக்கு முன்னால் நின்ற அந்தப் பெண் கொஞ்ச நேரத்தில் அதைத் திருப்பிவிட்டாள். எப்படி என்று கேட்டேன். "காத்து உள்ள போவுது" என்றாள், உலை கொதிக்கிறது என்பது போல. அவள் அப்பா ஊரில் திருவிழாக்களுக்கு மிட்டாய் போட்டு விற்றவர், அவளுக்கு அது பழகிப்போனது. எனக்கு இன்னும் பழகவில்லை. இந்த வயதிலும் அது வெளுக்கும்போது நான் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறேன்.

இனி மாரியாயி. நம் தோட்டத்தில் லயங்கள் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மேட்டில் நாம், ஆற்றோரத்தில் அவர்கள். ஒரே கப்பலில், ஒரே தளத்தில், ஒருவர் வாந்தியில் ஒருவர் புரண்டு வந்த சனம்தான். கரையில் இறங்கின மறுநிமிஷம் ஊரில் விட்டுவிட்டு வந்த ஜாதியை எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. தண்ணீர்க் குழாய் தனி, கோயிலில் நிற்கிற இடம் தனி. தீபாவளிக்குத் துரை கொடுக்கிற ஒரு மூட்டைச் சீனியைக்கூடப் பெரிய கங்காணி இரண்டாகப் பிரித்துவிடுவார். மேட்டு லயத்துப் பங்கில் உன் அம்மா மிட்டாய் இழுப்பாள். ஆற்றோரத்துப் பங்கை அவர்கள் வாங்கிக்கொண்டு போய்த் தங்களுக்குத் தெரிந்த மாதிரி ஏதோ செய்துகொள்வார்கள். இதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை, சும்மா பெரிய மனிதன் வேஷம் போடமாட்டேன்.

உனக்கு நாலு வயது இருக்கும். அந்த ஐப்பசியில் ஆறு கரையைத் தாண்டிவிட்டது. ஆற்றோர லயத்தில் அடுப்பு மூழ்கி, சனம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ரப்பர் பால் கொட்டகையில் வந்து ஒண்டியது. தோட்டம் முழுக்க நனையாத விறகு இருந்த ஒரே இடம் என் புகை வீடு. வேறு வழியில்லாமல் பெரிய கங்காணி, மொத்தச் சீனியையும் புகை வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரே கொப்பரையில் காய்ச்சிவிட வேண்டும், அவர்கள் பங்கைப் பிறகு கொடுத்தனுப்பலாம் என்று சொல்லிவிட்டார். மேட்டு லயத்துப் பெண்கள் எல்லோரும் தாழ்வாரத்தில் கூடிவிட்டார்கள். ஆற்றோரத்துப் பங்கை வாங்கிப் போக மாரியாயி வந்தாள். பூங்காவனம் அப்போது கைக்குழந்தை. குழந்தையை இடுப்பில் வைத்து வாழையிலையால் மூடிக்கொண்டு, கூரைக்கு வெளியே, கொட்டுகிற மழையில் நின்றாள். உள்ளே இடம் இருந்தது. வா என்று யாரும் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

அவ்வளவு பெரிய உருண்டையை உன் அம்மா அதற்கு முன் இழுத்ததில்லை. நான் அடித்த ஆணி அதற்குமுன் சிறிய உருண்டைகளைத்தான் தாங்கியிருந்தது. நாலாவது இழுப்போ ஐந்தாவதோ, ஆணி தூணை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நெருப்புச் சூட்டில் அத்தனையும் அவள் கையிலிருந்து தரையைப் பார்த்துத் தொங்கியது. கல்லில் வைத்தால் கல்லாகிவிடும். மறுபடி ஆணி அடிக்க நேரமில்லை. யாராவது மறுமுனையைப் பிடித்தால்தான் உண்டு. அவள் சுற்றிப் பார்த்தாள். பெண்கள் சூட்டுக்குப் பயந்து பின்வாங்கினார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் விறகை எறிந்துவிட்டு ஓடினேன். "நீங்க வேணாம்" என்றாள், அந்த நிலைமையிலும் சட்டம் சட்டம்தான். இரண்டு லயத்துப் பிள்ளைகளின் தீபாவளியும் அவள் விரலிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

மாரியாயி கூரைக்குள் வந்தாள். இடுப்பிலிருந்த குழந்தையை, தாழ்வாரத்து மூலையில் உட்கார்ந்திருந்த உன் பக்கத்தில் இறக்கி வைத்தாள். மழையில் நனைந்த கையை உதறினாள், தொங்கிய மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய் தடவவில்லை, அதற்கு அவகாசம் ஏது. அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன், கை விடவில்லை. உன் அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். இழுத்தாள். மாரியாயி பின்னால் சாய்ந்து கொடுத்தாள். இவள் முனையைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுக்க, அவள் நடுவைப் பிடித்து இவளுக்குத் தர, மடிப்பதும் இழுப்பதும் மடிப்பதுமாக இரண்டு பேரும் ஏதோ பிறந்ததிலிருந்து சேர்ந்து செய்த வேலை மாதிரி செய்தார்கள். ஆணியில் இழுக்கும்போது ஒரு பக்கம்தான் உயிர் இருக்கும், மறுபக்கம் சும்மா நிற்கும். அன்றைக்கு இரண்டு பக்கமும் உயிர். அது வெளுத்த வெளுப்பை என்னால் சொல்ல முடியாது. தாழ்வாரத்துப் புகை மூட்டத்தில் அது ஒன்றுதான் வெளிச்சமாக இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லிக்கொண்டேன்.

வேலை முடிந்த பிறகுதான் என்ன நடந்துவிட்டது என்பது எல்லோருக்கும் உறைத்தது. உன் அம்மாவும் மாரியாயியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி நிற்கிறார்கள். யாரும் கிட்டே வரவில்லை. இதைத் தொடாமல் எல்லோரும் திரும்பிப் போனால் நம் குடும்பத்தின் கதி என்ன? மறுநாளிலிருந்து நெருப்புத் தரமாட்டார்கள், தண்ணீர் தரமாட்டார்கள். மாரியாயியின் கதி அதைவிட மோசம், அவள் புருஷனைக் கூப்பிட்டு வைத்து அடிப்பார்கள். பெரிய கங்காணி முன்னால் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. யாருக்கும் மனக்குறை வராமல் முடிக்கவேண்டும் என்று நினைக்கிறவர், அதனாலேயே பல காரியங்களைக் கெடுத்தவர். யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"பாதியா வெட்டிடு. அவ புடிச்ச பக்கம் ஆத்தோரத்துக்கு. நீ புடிச்ச பக்கம் நம்ம சனத்துக்கு."

எனக்கு மூச்சு வந்தது. நல்ல தீர்ப்பு என்றுதான் நான் நினைத்தேன். உன் அம்மா இடுப்பிலிருந்த கத்திரிக்கோலை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவளுக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை, பெரிய கங்காணி முன்னால் அதற்கு முன் அவள் வாய் திறந்ததே இல்லை.

"எது அவ புடிச்ச பக்கம்? காட்டுங்க, வெட்டிடலாம்."

அவர் கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டு கிட்டே போனார். குனிந்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்துக்கொண்டே நடந்தார். திரும்பி நடந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேடத் தேட அந்த முகத்தில் கோபம் குறைந்து வேறு ஒன்று வந்ததைச் சத்தியமாகப் பார்த்தேன். மடித்து மடித்து இழுத்ததில் இவள் கை பட்டது அவளிடம் போய், அவள் கை பட்டது இவளிடம் வந்து, ஒரு நூல் கனத்துக்குள்கூட இரண்டு கையும் இருந்தன. அதைப் பிரிக்க இந்த உலகத்தில் ஒரு கத்தியும் இல்லை. எங்கே வெட்டினாலும் இரண்டு பேரும் இருப்பார்கள். எவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மூட்டைச் சீனி செய்துவிட்டது பார். நான் கோயிலில் கும்பிட்டபோதுகூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. பெரிய கங்காணி நடுவில் ஒரு இடத்தில் ஒரு துண்டு வெட்டினார். சற்று நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு வாயில் போட்டுக் கடித்தார். மழைச் சத்தத்திலும் அந்தக் கடி எல்லோருக்கும் கேட்டது. "ஏலக்கா கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிள்ளைகள் பாய்ந்தார்கள். பெரியவர்களில் பலர் எடுத்துக்கொண்டார்கள், சிலர் எடுக்கவில்லை. நம் பக்கத்து வீட்டுக்காரி தை பிறக்கும் வரை நம் அடுப்பிலிருந்து நெருப்பு வாங்கவில்லை. இதெல்லாம் இருந்தது, கதையை நான் சீனிப் பாகில் முக்கி எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு உன் அம்மா தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு மாரியாயியிடம் போனாள். அவள் உள்ளங்கை கொப்புளித்திருந்தது. உன் அம்மா அந்தக் கையைத் தன் கையில் வாங்கி எண்ணெய் தடவிவிட்டாள். மாரியாயி அழுதாள், கை எரிச்சலுக்கு இல்லை. நீயும் பூங்காவனமும் தரையில் உட்கார்ந்து ஒரே துண்டை மாற்றி மாற்றிச் சப்பிக்கொண்டிருந்தீர்கள். உன் ஆசை எப்போது தொடங்கியது என்று எழுதியிருக்கிறாயே, உன் கணக்கு தப்பு.

கதை இங்கே முடிந்திருந்தால் நீ இந்தக் கேள்வியைக் கேட்கவே தேவையிருக்காது. அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்பே பெரிய கங்காணி குளுவாங் பட்டறையில் சொல்லி ஒரு இரும்புக் கொக்கி அடித்துக்கொண்டு வந்துவிட்டார். எத்தனை மூட்டைச் சீனி ஆனாலும் தாங்கும். தூணில் துளை போட்டு மரையாணி வைத்து முடுக்கச் சொன்னார். இனிமேல் யாருக்கும் சங்கடம் வேண்டாமாம். முந்தின வருஷம் சாப்பிட்டதும் அவர்தான், மறு வருஷம் கொக்கி கொண்டுவந்ததும் அவர்தான். மனுஷன் அப்படித்தான், ஒரு அடி வைத்துவிட்டுத் தன் காலையே பார்த்துப் பயந்துகொள்கிறான். முடுக்கினவன் நான். உன் அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள், வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நீ வளர்ந்த காலம் முழுக்கப் பார்த்தது இந்தக் கொக்கியைத்தான். கொப்பரை மட்டும் திரும்ப இரண்டாகவில்லை. மாரியாயி வருஷா வருஷம் வருகிறாள், கூரைக்குள்ளேயே நிற்கிறாள், துண்டு வெட்டுவதும் அரிசி மாவில் புரட்டி டின்னில் அடைப்பதும் அவள் வேலை. மறுமுனையை மட்டும் கொக்கி பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. உன் அம்மா மாரியாயி வீட்டுப் படி ஏறினதில்லை. மாரியாயியும் நம் வாசலைத் தாண்டினதில்லை. சேர்ந்து மிட்டாய் செய்வது வேறு, பெண் கொடுத்துப் பெண் எடுப்பது வேறு என்று இந்தத் தோட்டமே நினைக்கிறது. உன் அம்மா என்ன நினைக்கிறாள் என்று அவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின எனக்கே தெரியவில்லை.

அதனால் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். சம்மதிக்காவிட்டால் வரமாட்டேன் என்று எழுதினாயே, அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாலையை மாற்றிக்கொண்டு நீங்கள் இரண்டு பேரும் அங்கே சௌகரியமாக இருந்துவிடுவீர்கள், பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குக்கூடப் போய்விடுவீர்கள். ஆனால் அந்தக் கை கொப்புளித்த பெண்ணை இங்கே நாலு பேர் வாயில் விட்டுவிட்டுப் போவாய். மாரியாயி கூரைக்குள் வந்தவள், அவளை மறுபடி மழையில் நிறுத்தாதே. அம்மா என்ன சொன்னாலும் வா. வேண்டாம் என்று சொன்னாலும் வந்து எதிரில் உட்கார்ந்து கேள். சூடு ஆறும் வரை தொடமாட்டேன் என்று நிற்பவனுக்கு மிட்டாய் கிடைக்காது. ஆறினால் அது இழுபடாது. உடையத்தான் செய்யும்.

மேலே உள்ளதை எழுதி வைத்து மூன்று நாள் ஆகிறது. பதில் ஒன்றும் இல்லாமல் எப்படி அனுப்புவது என்று வைத்திருந்தேன். இன்று காலையில் துரை கொடுத்த சீனி வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் வழக்கமாக நான் செய்கிற வேலை ஒன்று உண்டு. கொக்கியில் ஏறியிருக்கும் துருவைச் சுரண்டி, புளி போட்டுத் தேய்த்து, மரையாணியை ஒரு சுற்று முடுக்கிவைப்பேன். அதற்காகத்தான் முடுக்கியை எடுத்துக்கொண்டு தூணிடம் போனேன். உன் அம்மா கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதைக் கழட்டிடுங்க."

துரு அதிகமாகிவிட்டது, புதிது அடிக்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது போய்ப் பட்டறையில் சொன்னால் தீபாவளிக்குள் கிடைக்காது என்று முணுமுணுத்தேன். அவள் கொப்பரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"கொக்கி எதுக்கு? அந்தப் பக்கம் சம்பந்தியம்மா பிடிப்பாங்க."

சொல்லிவிட்டு விறகு எடுக்கப் போய்விட்டாள், கோழிக்குத் தவிடு வைக்கப் போன அதே நடையில். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளிடம் எத்தனையோ தடவை வாய் பிளந்து நின்றிருக்கிறேன், இந்தத் தடவை முடுக்கியை மரையாணியில் வைத்தேன். அத்தனை வருஷத் துருவில் மரையாணி இறுகிப்போயிருந்தது, எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித்தான் கழற்றினேன். கொக்கி இப்போது என் முன்னால்தான் இருக்கிறது. மழைக் காற்றில் இந்தத் தாள்கள் பறக்காமல் அதைத்தான் மேலே வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மத்தியானம் அவள் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றோர லயத்துக்குப் போனாள். இன்னும் வரவில்லை. போகும்போது உனக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னாள். ஜோகூர் பாருவில் எலுமிச்சம்பழம் நல்லதாகக் கிடைக்குமாம், வரும்போது வாங்கி வரவேண்டுமாம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து.